மூன்று மில்லிமீட்டர்

முப்பத்தொன்று என்று அழைத்தார்கள். எங்கள் டோக்கன் நாற்பத்தேழு. ஆளுக்கு ஐந்து நிமிடமென்று வைத்துக்கொண்டாலும் இன்னும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அத்தனை நேரத்தில் ஒரு மனிதன் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம், தலை சுற்றுகிறதென்று சொல்லலாம், எழுபத்தாறு வயதில் அதை யாரும் பொய்யென்று நினைக்கமாட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. சட்டைப்பையிலிருந்த தாளை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நெடுங்கரை நகரின் அறுபதடிச் சாலைக்கு ஆட்சேபம் கேட்கும் கூட்டத்தை, அலுவலகத்தில் இடம் போதாதென்று, இந்தக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். முந்தின நாள் இங்கே ஒரு திருமணம் நடந்திருக்க வேண்டும். மேடையின் பின்திரையில் மணமக்களின் பெயர்கள் இன்னும் ஒட்டியிருந்தன. அவற்றுக்குக் கீழே வரைபடத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள், மின்விசிறிக் காற்றில் நகரம் முழுவதும் மெல்ல ஏறி இறங்கியது. வாடிய மல்லிகையும் சாம்பாரும் கலந்த வாசனை. பக்கத்து நாற்காலியில் சகாயமேரி. எங்கள் வீட்டுக்கு எதிரே, வண்டிப்பாதையையும் வறண்ட வாய்க்காலையும் தாண்டினால் அவளுடைய மாவு மில். மில்லுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் அவள் வீடு. அந்த வரிசையில் பதினோரு வீடுகள் இருக்கின்றன, பதினொன்றும் சாலைக்குள் போகின்றன, அவளுடையது ஆறாவது. நோட்டீசு வந்த அன்று கையிலிருந்த மாவைக்கூடத் துடைக்காமல் அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். தாளின் ஓரத்தில் அவளுடைய விரல்கள் வெள்ளையாகப் பதிந்திருந்தன. “நீங்க கூட வந்தா போதும் சார். பேசறதெல்லாம் நான் பேசிக்கறேன். மேப்புல எங்க வீடு எது, ரோடு எதுன்னு அவங்க காட்டறது சரியான்னு மட்டும் நீங்க பாருங்க” என்றாள். நான் ஆகட்டும் என்றேன். எதற்கு ஆகட்டும் என்றேன் என்று அந்தக் கணத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வரைபடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாலே எனக்கு அதன் ஒவ்வொரு கோடும் கையில் தெரிந்தது. கண்ணுக்கு முன்பே கை ஞாபகம் வைத்துக்கொள்கிறது போலும். இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நான் மையிட்ட தாளின் நகல்தான் அது. இப்போது கணினியில் ஏற்றி, வண்ணம் பூசி, பெரிதாக்கியிருக்கிறார்கள், ஆனால் ஏரிகளின் பெயர்களும் தெருக்களின் பெயர்களும் என் எழுத்திலேயே நின்றன. யாரும் அவற்றை மாற்ற வேண்டுமென்று நினைக்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். நகரமைப்பு அலுவலகத்தின் அம்மோனியா அறையில் நகல் எடுக்கும் உதவியாளாகச் சேர்ந்து, கண்ணில் நீர் வழிய வழிய, வரைவாளர்கள் வேண்டாமென்று போட்ட தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய், அவர்களுடைய எழுத்தின் மேலேயே எழுதிப் பழகி, பதினோராம் ஆண்டில் எனக்கென்று ஒரு மேசையும் ஒரு சாய்வுப் பலகையும் பெற்றேன். அந்த மேசைக்குக் கிடைத்த மரியாதை பட்டத்தினால் வந்ததன்று, கோட்டினால் வந்தது. என் கோடு நடுங்காது, தடிக்காது, இரண்டு தாள்கள் சேருமிடத்தில் ஒரு மயிரிழை தவறாது. பட்டம் படித்துவிட்டு வந்த ஜெயக்கொடி என்ற உதவித் திட்டமிடுபவருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, “எங்க தணிகாசலம் எட்டாங்கிளாஸ். அவர் போடற கோடு மட்டும் டிகிரி ஹோல்டர். என்னிக்காவது ஒரு நாள் அதுவும் ஃபெயிலாகும், பார்த்துக்கிட்டே இருங்க” என்றார். அறை சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த வாயோடு மேசைக்குத் திரும்பி, ஏழாம் தாளையும் எட்டாம் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேற்கிலிருந்து வந்த சாலையும் கிழக்கிலிருந்து வந்த சாலையும் ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன.

மூன்று மில்லிமீட்டர். அளவுகோலை மூன்று முறை வைத்துப் பார்த்தேன், மூன்று முறையும் மூன்று. காரணமும் எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மாதத்து மழையில் அலமாரியின் மேல்தட்டு ஒழுகி எட்டாம் தாள் நனைந்திருந்தது; நானே யாருக்கும் சொல்லாமல் அதை விசிறிக்கடியில் காயவைத்தேன். நனைந்து காய்ந்த தாள் சுருங்கும் என்பது அந்த அறைக்குத் தேநீர் கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும். அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் நில அளவையாளரை வரவழைத்து, இடத்துக்கே போய்ச் சங்கிலி பிடித்துப் பார்க்க வேண்டுமென்பது விதி. ஆனால் திங்கட்கிழமை தாள்கள் தலைமை அலுவலகம் போகவேண்டும், அளவையாளரை அழைத்தால் ஏன் என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் ஜெயக்கொடி தேநீர்க் கோப்பையோடு வந்து நிற்பார். சனிக்கிழமை மதியம் எல்லோரும் போனபிறகு அடியிலிருப்பது தெரியும் சிறிய ட்ரேசிங் தாள் ஒன்றை இரண்டு தாள்களின் மூட்டில் வைத்து, விலகி நின்ற இரண்டு முனைகளையும் பென்சிலால் எடுத்தேன். பிறகு பிரெஞ்சு கர்வ் என்று நாங்கள் அழைக்கும் வளைவுச் சட்டத்தை அவற்றுக்கிடையே வைத்தேன். முதலில் பொருந்தவில்லை. திருப்பிவைத்தேன். அதன் வயிற்றுப் பகுதியில் ஓரிடத்தில் இரண்டு முனைகளும் தாமாகவே வந்து உட்கார்ந்தன. நடுவிலிருந்த பழைய கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு மையிட்டேன். இருபது நிமிட வேலை. அதைவிட அழகான ஒரு வளைவை என் வாழ்நாளில் நான் போட்டதில்லை. ஆற்றுத் தண்ணீர் ஒரு பாறையைக் கண்டு சற்றே ஒதுங்கிப் போகிறாற்போல் இருந்தது, அங்கே பாறை ஏதும் கிடையாது என்பது ஒன்றுதான் குறை. திங்கட்கிழமை துணை இயக்குநர் அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “கோடுன்னா இது கோடு” என்றார். ஜெயக்கொடி தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று எனக்கு உலகத்தில் அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. தாளில் மூன்று மில்லிமீட்டர், தரையில் பன்னிரண்டு மீட்டர். வண்டிப்பாதையின் மேலும் வாய்க்கால் புறம்போக்கின் மேலும் நேராகப் போகவேண்டிய சாலை, என் கையினால் பன்னிரண்டு மீட்டர் வடக்கே தள்ளி, அன்று வெறும் தரிசாகக் கிடந்த நிலத்தில் ஏறியது. வெறும் தரிசு, அந்தச் சொல்லைப் பல ஆண்டுகள் தலையணையாக வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

முப்பத்தெட்டு. ஒரு பெரியவர் உரத்த குரலில் தென்னைமரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், மரம் பதினேழா பத்தொன்பதா என்பதில் அவருக்கும் அவருடைய மகனுக்குமே வாக்குவாதம் வந்து, கூட்டம் கொஞ்சம் சிரித்தது. சகாயமேரியும் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்க்க முடியாமல் நான் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, காலையில் சாப்பிடாமல் வந்திருப்பீர்கள் என்று இட்லியை நீட்டினாள். அவளுடைய மில்லில் அரைத்த மாவு, பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டிலும் அதே மாவுதான். ஒன்றை எடுத்துக்கொண்டேன். அவள் மேடையைப் பார்த்தபடி, “அந்த எழுத்தைப் பாருங்களேன் சார். நம்ம மில்லு போர்டுல நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அதே மாதிரி இல்ல?” என்றாள். நான் எழுதிக்கொடுத்த பலகை. ‘சகாயம் மாவு மில்’ என்று பச்சை வண்ணத்தில், அவள் கணவன் இறந்த பிறகு அவள் மறுபடியும் மில்லைத் திறந்த நாளில், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து எழுதியது. அரசாங்க எழுத்தெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். இதோ, இன்றைக்கும் ஒன்று. பழைய பொய்யைச் சரிசெய்வதற்காகப் பையில் தாளை வைத்துக்கொண்டு வந்தவன், அதை வெளியே எடுக்குமுன் புதிதாக ஒன்றைச் சொல்லிவிட்டேன், எவ்வளவு இலகுவாக வந்தது அது, நாக்குக்கு எந்தச் சிரமமும் இல்லை. தவறு செய்தபோது எனக்கு அந்தப் பக்கத்தில் ஓர் அங்குல நிலம்கூடக் கிடையாது. இந்த வாக்கியத்தை நான் பல ஆண்டுகளாகச் செதுக்கிவைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு. யாரும் கேட்டதில்லை. வாக்கியம் உண்மைதான். வரைபடம் அரசிதழில் வந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகே வண்டிப்பாதையின் தெற்கில் மனை வாங்கினேன். அரசிதழின் வரைபடத்தை யாரும் போய்ப் பார்க்காமல், சாலை இந்தப் பாதையில்தான் வரும், வீட்டை இடிப்பார்கள் என்று ஊரெல்லாம் ஊகித்து அந்த மனைகளைத் தொடாமலிருந்த காலம் அது. என் மனைவிகூடப் பத்திரம் பதிகிற அன்று, “ரோடு வந்துடுமாமே?” என்று கேட்டாள். வராது என்றேன். எப்படித் தெரியும் என்றாள். தெரியும் என்றேன். ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், அந்த ஒன்றை நானே செய்திருந்தேன் என்பது. சாலை அதற்குரிய இடத்துக்குத் திரும்பினால் என் முன்னறை போகும், மூன்றே முக்கால் மீட்டர், நானே நாடா பிடித்து அளந்திருக்கிறேன். சாய்வுப் பலகை இருக்கும் அறை, அதன் சன்னலைத் திறந்தால் எதிரே பச்சை எழுத்தில் என் பலகை தெரியும். ஓர் அங்குலம்கூடக் கிடையாது. உண்மைதான். உண்மையான ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் எவ்வளவு காலம் ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு நான் சாட்சி.

நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு வரவில்லை, நாற்பத்துமூன்று. விசிறிக் காற்று திரும்பும்போதெல்லாம் வரைபடம் வயிறு உப்பியது, அந்த வளைவு என்னை நோக்கி வந்துவிட்டு மீண்டும் போயிற்று. எழுந்து போவதென்றால் இப்போது போகவேண்டும். கழிப்பறை பந்தி நடக்கும் கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது, அதைத் தாண்டினால் ஒரு சிறிய கதவு, அது தெருவுக்குத் திறக்கும். உள்ளே வரும்போதே ஏன் அதைக் கவனித்தேன்? இத்தனைக்கும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அன்றைய துணை இயக்குநர் இப்போது உயிரோடு இல்லை. ஜெயக்கொடி இல்லை, அவருடைய சாவுக்குப் போயிருந்தபோது மாலையைப் போட்டுவிட்டு, இனி என்னைக் கேள்வி கேட்க ஆளில்லை என்று ஒரு கணம், ஒரே கணம், நினைத்தேன். எட்டாம் தாளை எலி தின்றிருக்கும். மிஞ்சியிருப்பது என் பையிலிருக்கும் உள்ளங்கையகலத் தாள் ஒன்று, பென்சிலில் இரண்டு முனைகளும் தேதியும் போட்டது, வளைவுச் சட்டத்தின் உறைக்குள் இத்தனை காலம் கிடந்தது. அதை ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டால் தொழில்காரன் புத்தி என்றுதான் சொல்லவேண்டும், அளந்ததை எறிய மனம் வராது. சகாயமேரி பேசிக்கொண்டிருந்தாள். தன் கணவனைப் பற்றி. ஆரோக்கியம் லேத்துப் பட்டறையில் வேலை செய்தவன். பட்டறை விட்டு வந்து சாயங்காலங்களில் தானே அஸ்திவாரம் தோண்டினான். அவள் பேசுவது எங்கே வந்து நிற்குமென்று எனக்குத் தெரிந்திருந்தது, வண்டி பள்ளத்தை நோக்கி உருளுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவனைப்போல் உட்கார்ந்திருந்தேன். வந்து நின்றது. “சார் ஆபீஸ்ல இருக்கறவரு, அவரைக் கேட்டுட்டுத்தான் கடைக்கால் எடுத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. அந்த தைரியத்துலதான் சார் மத்தவங்களும் கட்டினாங்க.” ஆம். அதுதான். கோடு தவறியதல்ல, மனை வாங்கியதல்ல, இவை இரண்டையும் முன்னால் நிறுத்திவைத்து நான் மறைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். ஆரோக்கியம் ஒரு நாள் கையில் கடப்பாரையோடு வாய்க்காலைத் தாண்டி வந்தான், கால்சட்டையெல்லாம் செம்மண், என் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, உள்ளே வரச்சொல்லியும் வராமல், சார் இங்க கட்டலாமா, ஒண்ணும் வராதே, என்று கேட்டான். கட்டாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்பான். சாலை எங்கே போகிறதென்று சொன்னால், அது ஏன் வளைகிறது என்பான். லேத்தில் நேர்க்கோட்டோடு பிழைப்பவன், வளைவைப் பார்த்தால் கேட்காமலிருக்கமாட்டான். “பிளானெல்லாம் காகிதத்துல கிடக்கும்ப்பா. உன் காலத்துல எங்க வரப்போகுது?” என்றேன். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் காலத்தில் வரத்தான் இல்லை. அந்த அளவில் நான் சொன்னது பலித்தது.

நாற்பத்தேழு என்று அழைத்தபோது சகாயமேரிதான் என் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். மேடைக்குக் கீழே நீண்ட மேசை. அதன் மேல் அந்த வரைபடத்தின் இன்னொரு நகல். உதவி இயக்குநர் நிரஞ்சனா முப்பது வயதுக்குள் இருக்கும் பெண், காலையிலிருந்து கேட்ட ஆட்சேபங்களால் குரல் கம்மியிருந்தது, இருந்தும் சகாயமேரியை உட்காரச் சொல்லிவிட்டு நின்றபடியே பேசினாள். வீடு எங்கே என்று காட்டினாள். சாலை எங்கே என்று காட்டினாள். அவள் காட்டியது எல்லாம் சரியாக இருந்தது. பக்கத்திலேயே வண்டிப்பாதை, வாய்க்கால் என்று சர்க்கார் நிலம் கிடக்கும்போது அதை விட்டுவிட்டு ரோடு ஏன் எங்கள் வீட்டு மேல் ஏறவேண்டும் என்று சகாயமேரி கேட்டாள், மாவுப் பாத்திரத்தின் எடையைக் கேட்பதுபோல் நிதானமாக. அந்தப் பெண் வளைவின் மேல் விரலை வைத்தாள். “இது சும்மா வந்த வளைவு இல்லம்மா. அந்தக் காலத்திலேயே வண்டி வேகம், பார்வை தூரம் எல்லாம் கணக்குப் பண்ணிப் போட்டிருக்காங்க. இவ்வளவு சுத்தமான வளைவு இப்ப கம்ப்யூட்டர்ல போட்டாலும் வராது. அப்ப இருந்தவங்க சாமானியப்பட்டவங்க இல்ல.” அவள் விரல் அதன் மேல் ஓடியது, இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இன்னொரு விரல் ஓடியதைப்போலவே, என் முதுகு, வெட்கமில்லாத முதுகு, தானாக நிமிர்ந்ததை உணர்ந்தேன். ஒரு கணம் அந்தப் புகழில் நின்றேன். இப்படியே விட்டுவிட்டால் இந்த வளைவு என்றைக்கும் காரணத்தோடுதான் இருக்கும், தார் போடுவார்கள், பேருந்துகள் அதன் மேல் மெதுவாகத் திரும்பும், என் முன்னறைச் சன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே செத்துப்போகலாம். பையிலிருந்து தாளை எடுத்தேன். வியர்வையில் நனைந்து சட்டைத்துணியோடு ஒட்டியிருந்தது. வரைபடத்தில் அவள் விரல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அதை விரித்துவைத்து, இந்த இரண்டு முனைகளும் சேரவில்லை, சேராததை மறைக்க நான் வளைத்தேன், நனைந்து சுருங்கிய தாளில் கணக்கு ஏதும் கிடையாது என்று சொன்னேன். சொன்னது என் காதுக்கே சரியாக விழவில்லை. அந்தப் பெண் தாளையும் தேதியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நீங்கள் யார் என்று கேட்டாள். வரைபடத்தின் மூலையில், வரைந்தவர் என்ற சொல்லுக்கு எதிரே இருந்த, என் பெயரின் சுருக்கமான இரண்டு எழுத்துகளைக் காட்டினேன். நேராகப் போனால் யாருடைய வீடு போகும் என்றாள். என்னுடையது, முன்னறை என்றேன்.

சகாயமேரி அந்தச் சிறிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெரிய வரைபடத்தின் எழுத்துகளை, ஏரியின் பெயரை, ஒவ்வொன்றாக. “அவரு உங்களைக் கேட்டாரே சார்” என்றாள். குரல் உயரவில்லை. இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிவந்த சமாதானங்கள் அத்தனையும் ஞாபகம் வந்தன, தரிசு, ஜெயக்கொடி, மழை, ஓர் அங்குலம். செதுக்கிச் செதுக்கி மெருகேறிய அந்தக் கடைசி வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவள் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. “கேட்டான்” என்றேன். நிரஞ்சனா ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தி, வாய்ச்சொல்லை வைத்துத் தன்னால் எதுவும் செய்யமுடியாது, நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன், இடத்தை அளக்கச் சொல்வார்களா என்பது அவர்கள் கையில், என்றாள். பேனாவை வாங்கி எழுதத் தொடங்கினேன். என் கோடு நடுங்கியது; என் கையிலிருந்து அப்படி ஓர் எழுத்து வந்து நான் பார்த்ததில்லை. விசிறி எங்கள் பக்கம் திரும்பியது, தாள் எழும்பிப் பறக்கப் பார்த்தது. சகாயமேரி கையை நீட்டி அதன் மேல்முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நகக்கண்ணில் மாவு இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நாற்பத்தெட்டு என்று அழைத்தார்கள், அவள் கையை எடுக்கவில்லை, நான் எழுதிக்கொண்டிருந்தேன்.